மியூசியத்துல நாலு சாயங்காலம்: ஒரு படம், ஒரு குவார்டெட்

நாலு சாயங்காலத்துக்கும் சேர்த்து எடுத்த சீசன் டிக்கெட் போன வாரத்தோட முடிஞ்சுது. சூடு ஆறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், ஏன்னா இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு யாரும் ஒழுங்கா ரிவ்யூ எழுதறதில்ல, மியூசிக் கேக்கறவங்க வாசிப்பைப் பத்தி மட்டும் எழுதறாங்க, ஓவியம் பாக்கறவங்க பின்னாடி நல்ல இசை இருந்துச்சுன்னு ஒரு வரியோட விட்டுடறாங்க, ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சதுனால என்ன ஆச்சுங்கறதை யாருமே தொடறதில்ல. எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். மியூசியத்தோட பேரை வேணும்னுதான் போடல, குறை சொல்ல வேண்டிய இடம் நிறைய இருக்கு. ஆனா இதே மாதிரி ஏற்பாடு வேற எங்க பண்ணாலும் இதே நல்லதும் இதே தப்பும்தான் வரும்னு நினைக்கறேன், அதனால படிக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

ஏற்பாடு சிம்பிள். மியூசியம் மூடினதுக்கு அப்புறம் ஒரு கேலரியை மட்டும் திறந்து விடறாங்க, அறுபது நாற்காலி, ஒரே ஒரு படம், ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட், அதாவது ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோன்னு நாலு பேர் குழு, அவங்களுக்காக எழுதற இசைக்கும் குவார்டெட்னுதான் பேரு. நாலு தடவையும் அதே நாலு பேர்தான் வாசிச்சாங்க, தேவைப்பட்டப்போ ஒருத்தர் கூட சேர்ந்தாங்க. முதல் அரை மணி நேரம் யாரும் பேசாம படத்தைப் பாக்கலாம், அப்புறம் மியூசியத்துல படங்களுக்குப் பொறுப்பா இருக்கற கியூரேட்டர் மேடம் அஞ்சு நிமிஷம் பேசுவாங்க, அதுக்கப்புறம் முப்பது நாப்பது நிமிஷம் இசை, முடிஞ்சதும் திரும்பவும் இருபது நிமிஷம் படம். இடைவேளை கிடையாது. இந்த வரிசையே பாதி வெற்றி. சாதாரணமா நாம ஒரு படத்துக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கறோம்? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல வந்தவங்களைக் கவனிச்சு 2001ல வெளியான ஒரு ஆய்வுல சராசரி 27 செகண்ட்னு வந்துச்சு, நடு எண்ணை எடுத்தா 17 செகண்ட்தான், அதாவது பாதிப் பேர் அதுக்குள்ள நகர்ந்துடறாங்க. நானும் அப்படித்தான் நகர்ந்துட்டிருந்தேன். இங்க ஒரு ஸ்லோ மூவ்மென்ட் (ஒரு இசைப் படைப்போட தனிப் பகுதி) பத்து நிமிஷம் ஓடும்போது எந்திரிச்சுப் போக முடியாது, போன்ல கை வைக்க முடியாது, கண்ணு எங்கயாவது போய்த்தான் ஆகணும், அது படத்துக்குள்ள போகுது. முதல் ரெண்டு நிமிஷத்துல என்ன படம்னு பாத்து முடிச்சுடறோம், அதுக்கப்புறம்தான் நிஜமா பாக்க ஆரம்பிக்கிறோம்.

முதல் சாயங்காலம் 17ம் நூற்றாண்டு டச்சு ஓவியங்கள் இருக்கற சின்ன ரூம். மரத் தரை, தாழ்ந்த கூரை. தேர்ந்தெடுத்த படம் ஒரு மேசை, அதுல ஒரு வயலின், ஒரு மண்டை ஓடு, அணைஞ்ச மெழுகுவர்த்தி, ஒரு கடிகாரம், மடங்கிப்போன ஸ்வரத்தாள். வாழ்க்கை நிலையில்லன்னு சொல்றதுக்காக அந்தக் காலத்துல நிறைய வரைஞ்ச வகை, இந்த வகையில வயலினும் வீணாத்தான் படுத்திருக்கும், ஏன்னா ஒலிங்கறது வந்த உடனே போயிடற பொருள். மேடம் ஒரு நல்ல விஷயம் சொன்னாங்க, இந்தப் படத்துல இருக்கற ஸ்வரத்தாள் வெறும் கிறுக்கல், வாசிக்க முடியாது, ஆனா சில ஓவியர்கள் நிஜமான ஸ்வரத்தையே எழுதி வச்சிருக்காங்க, 1597 வாக்குல இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைஞ்ச 'எகிப்துக்குப் போற வழியில ஓய்வு' படத்துல தேவதை வயலின் வாசிக்க, இயேசுவோட வளர்ப்பு அப்பா ஜோசப் ஸ்வர நோட்டைப் பிடிச்சுட்டு இருப்பார், அந்த நோட்டைப் படிச்சு அது நோயல் போல்டவெய்ன்ங்கற இசையமைப்பாளர் எழுதின ஒரு பாட்டுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அப்படி ஒரு படத்துக்கு அதே பாட்டைப் போட்டா வேலை முடிஞ்சுதுன்னு யாரும் நினைப்பாங்க, இங்க அந்த சுலப வழி இல்லாததுனால யோசிச்சுத் தேட வேண்டியிருந்துச்சுன்னு சொன்னாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சுது.

அவங்க எடுத்தது ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செல் 1680 கோடையில எழுதின ஃபேண்டசியாக்கள், பல குரல் ஒண்ணோட ஒண்ணு பின்னிப் போற சின்ன இசைத்துண்டுகள். அப்போ அவருக்கு இருபது, இருபத்தோரு வயசு. வையல்ங்கற பழைய வாத்தியக் குடும்பத்துக்காக எழுதினது, அந்த வாத்தியமே அப்போ வழக்கொழிஞ்சு போய்ட்டிருந்துச்சு, அதாவது போகப்போற ஒண்ணுக்காக ஒரு சின்னப் பையன் உக்காந்து எழுதியிருக்கான். படமும் அதைத்தானே சொல்லுது, ஆனா இதை மேடம் சொல்லாம விட்டாங்க, நம்மளே போய்ச் சேரட்டும்னு. கடைசில ஒரு எக்ஸ்ட்ரா வியோலா வந்து உக்காந்து அஞ்சு பேரா 'ஒரே ஸ்வரத்தின் மேல்' ஃபேண்டசியாவை வாசிச்சாங்க. அதைக் கேட்டதில்லைன்னா உடனே தேடிக் கேளுங்க. அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஸ்வரம், நடு சி, வேற எதுவுமே கிடையாது, மத்த நாலு பேர் அதைச் சுத்தி ஓடறாங்க அழறாங்க வேகமெடுக்கறாங்க திரும்ப அடங்கறாங்க, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் சுருதி மாதிரி நின்னுட்டே இருக்கு, அதே ஸ்வரம்தான் ஆனா மத்தவங்க மாறும்போது அது ஒரு நேரம் நிம்மதியாவும் ஒரு நேரம் தாங்க முடியாத மாதிரியும் கேக்குது. அதைக் கேட்டுட்டே படத்தைப் பாத்தேன், அதுல பின்னாடி இருக்கற பழுப்பு, அதுவரைக்கும் நான் அதை ஒண்ணும் வரையாத இடம்னு நினைச்சிட்டிருந்தேன், அந்தப் பழுப்பு படம் முழுக்க ஒண்ணுதான், மண்டை ஓட்டுப் பக்கத்துல சூடா தெரியுது, தாளுக்குப் பக்கத்துல சாம்பலா தெரியுது. பக்கத்துல வர்ற நிறத்தைப் பொறுத்து மாறுது. மூணு நிமிஷப் பாட்டு ஒண்ணு எனக்கு அதைக் காட்டுச்சு. திரும்பவும் பாக்க விட்ட இருபது நிமிஷமும் நான் அந்தப் பழுப்பை மட்டும்தான் பாத்தேன்.

அன்னிக்கு ஒரு குறை, அது கடைசி நாள்தான் சரியாச்சு, அதனால இங்கயே சொல்லிடறேன். நாற்காலி போட்ட விதம். கச்சேரிக்குப் போடற மாதிரி எல்லா நாற்காலியும் வாசிக்கறவங்களைப் பாத்து, படம் அவங்களுக்குப் பின்னாடி இருக்கற சுவர்ல. நடு வரிசையில உக்காந்தா செல்லோக்காரரோட தலைதான் மண்டை ஓட்டை மறைக்குது. வாசிக்கறவங்க கை அசையும்போது கண்ணு தானா அங்கதான் போகும், அசையற பொருளைப் பாக்கறது கண்ணோட இயல்பு. எனக்கு அதிர்ஷ்டம், ஓரமா நின்னுட்டிருந்த காவலர் ஒருத்தர் கிட்ட வந்து, சார் இந்தக் கடைசி நாற்காலிக்கு வாங்க, இங்கிருந்து படம் முழுசா தெரியும்னு மெதுவா சொன்னார். தினமும் அந்த ரூம்ல எட்டு மணி நேரம் நிக்கறவர், எந்த இடத்துல இருந்து எப்படித் தெரியும்னு அவரை விட யாருக்குத் தெரியும். மத்த மூணு நாளும் வந்த உடனே அந்தந்த ரூம் காவலர்கிட்டதான் போய்க் கேட்டேன், மூணு பேருமே சரியான இடத்தைக் காட்டினாங்க. நீங்களும் கேளுங்க. வாசிக்கறவங்க பக்கவாட்டுலயும் படம் நேராவும் இருக்கற மாதிரி உக்காந்தா போதும், காதுக்கு ஒண்ணும் குறையல.

ரெண்டாவது சாயங்காலம் எனக்கு வருத்தம்தான். ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியோட ஸ்ட்ரிங் குவார்டெட், 1893ல எழுதினது, கூட இம்ப்ரெஷனிஸ்ட் காலத்து, அதாவது அந்தந்த நேரத்து வெளிச்சத்தைப் பிடிச்சு வரைஞ்ச காலத்து ஆத்துக் காட்சி ஒண்ணு. தண்ணி, மூடுபனி, படகு. காகிதத்துல பாத்தா கச்சிதமாத்தான் தோணும், ரெண்டும் ஃபிரான்ஸ், ரெண்டும் ஏறக்குறைய ஒரே காலம், ரெண்டையும் இம்ப்ரெஷனிசம்னுதான் சொல்லுவாங்க. ஆனா டெபுஸிக்கே அந்தப் பேர் பிடிக்காது, தன் இசைக்கு அந்த லேபிளை ஒட்டினவங்க மேல அவர் கடுப்பாத்தான் இருந்தார். இந்தக் குவார்டெட்டை காதால கேட்டா அதுல மூடுபனி எங்க இருக்கு? முதல் பாரே, அதாவது முதல் தாளக்கட்டே கெட்டியா, நறுக்குன்னு ஒரு வாக்கியம் மாதிரி வந்து விழுது, ரெண்டாவது மூவ்மென்ட்ல நாலு பேரும் தந்தியை விரலால சுண்டிச் சுண்டி விளையாடறாங்க, அங்க தண்ணியைத் தேடினா கிடைக்காது. அந்த முதல் வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வேற உடுப்புல வருது, ஒரு மூவ்மென்ட்ல குதிச்சுட்டு, இன்னொண்ணுல இழுத்துட்டு, ஒரே ஆளை காலையில ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை பாக்கற மாதிரி.

இதைக் கேட்டுட்டு இருக்கும்போதே எனக்கு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மோனேதான் ஞாபகம் வந்தார், ஆனா அவரோட ஆறும் குளமும் இல்ல, ஃபிரான்ஸ்ல ரூவான் ஊர்ல இருக்கற பெரிய தேவாலயம், ரூவான் கதீட்ரல். 1892லயும் 93லயும் அந்தக் கோயில் முகப்புக்கு எதிர்ல ஜன்னலோரமா உக்காந்து அதே கல்லை அதே கோணத்துல முப்பதுக்கும் மேல கேன்வாஸ்ல வரைஞ்சார், காலை வெளிச்சத்துல நீலமா, மத்தியானம் மஞ்சளா, சாயங்காலம் ஆரஞ்சா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி இன்னும் வேலை பாத்து 1895ல இருபதை ஒண்ணா மாட்டினார். அதே வருஷங்கள்! டெபுஸி ஒரு வாக்கியத்தை எடுத்து வெளிச்சத்தை மாத்தி மாத்திக் காட்டிட்டிருந்த அதே நேரத்துல மோனே ஒரு சுவரை வச்சு அதையே பண்ணிட்டிருந்தார். அந்த வரிசையில ரெண்டு கேன்வாஸ் பக்கம் பக்கமா இருந்து இந்தக் குவார்டெட்டைக் கேட்டா எப்படி இருந்திருக்கும்னு நினைக்க நினைக்க ஆத்தாமையா இருக்கு. அந்த மியூசியத்துல கதீட்ரல் இல்ல, சரி, ஆனா ஒரே மரத்தையோ ஒரே கரையையோ ரெண்டு தடவை வரைஞ்ச யாரோ ஒருத்தரோட ரெண்டு படமாவது இருந்திருக்கும். படத்துல என்ன இருக்குங்கறதை வச்சு ஜோடி சேர்த்தா இப்படித்தான் ஆகும். படம் எப்படி வேலை செய்யுது, பாட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துச் சேர்த்திருக்கணும்.

இது கூட எனக்குப் பெரிசா தோணியிருக்காது, அன்னிக்குப் பண்ணின இன்னொரு காரியம் இல்லாம இருந்திருந்தா. வழக்கத்தை விட அதிகம் பேர் கேட்டாங்கன்னு நிகழ்ச்சியைப் பெரிய ஹாலுக்கு மாத்திட்டாங்க, படத்தை அங்க கொண்டு வர முடியாது, அதனால ஒரு பெரிய ஸ்கிரீன்ல படத்தைப் போட்டாங்க. போட்டதோட விட்டிருந்தாலும் பரவால்ல, இசைக்குத் தகுந்த மாதிரி கேமரா நகருது. செல்லோ வந்தா தண்ணிக்கு ஜூம், வயலின் மேல போனா மேகத்துக்கு ஜூம், மூணாவது மூவ்மென்ட்ல படகு மேல மெதுவா ஊர்ந்துட்டே இருக்கு. என் கண்ணு எங்க போகணும்னு வேற யாரோ முடிவு பண்ணிட்டாங்க. படத்தைப் பாக்கறதுல எனக்கு இருக்கற ஒரே சுதந்திரம் அதுதான், நான் பாட்டுக்கு மூலையில இருக்கற ஒரு செடியையே அஞ்சு நிமிஷம் பாத்துட்டிருக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. இசை நம்மளை ஒரு நேரத்துக்குள்ள கட்டிப்போடுது, படம் அவிழ்த்து விடுது, அந்தக் கட்டும் அவிழ்ப்பும் ஒரே சமயத்துல நடக்கறதுக்காகத்தான் நான் வர்றேன். ஸ்கிரீன் வந்த உடனே ரெண்டுமே கட்டாயிடுச்சு. அதோட சாயத்தோட தடிப்பு, பிரஷ் போன தடம், வார்னிஷ்ல விழற வெளிச்சம் எதுவும் ஸ்கிரீன்ல வராது. முடிஞ்சதும் அசல் படத்தைப் போய்ப் பாக்கலாம்னு சொன்னாங்க, கேலரி வேற மாடியில, கூட்டமா போயி சேர்றதுக்குள்ள காதுல இருந்தது எல்லாம் போயிடுச்சு.

லண்டன் நேஷனல் கேலரி கதையை அன்னிக்குத் திரும்பி வரும்போது நினைச்சுட்டே வந்தேன். ரெண்டாம் உலகப்போர் வந்ததும் அங்க இருந்த படங்களை எல்லாம் பத்திரமா வெளிய அனுப்பிட்டாங்க, பின்னாடி வேல்ஸ்ல ஒரு சுரங்கத்துக்குள்ள வச்சாங்க, சுவர் எல்லாம் காலி. அந்தக் காலி கட்டடத்துல பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மத்தியானக் கச்சேரி ஆரம்பிச்சாங்க, 1939 அக்டோபர் 10ம் தேதி முதல் கச்சேரி, 1946 ஏப்ரல் வரைக்கும் 1,698 கச்சேரி நடந்துச்சு, குண்டு விழற காலத்துல கீழ்த்தளத்துக்கு இறங்கி நடத்தினாங்க. 1942ல ஜனங்க படத்தைப் பாக்கணும்னு கேட்டதும் மாசம் ஒரு படத்தை மட்டும் சுரங்கத்துல இருந்து கொண்டு வந்து மாட்டினாங்க. ஒரே ஒரு படம். அது ஜோடி சேர்த்த நிகழ்ச்சியே கிடையாது, ஆனா பாட்டும் கேட்டு அந்த ஒரு படத்தையும் பாத்துட்டு வேலைக்குத் திரும்பினவங்களுக்கு என்ன கிடைச்சிருக்கும்னு எனக்குக் கொஞ்சம் புரியுது. ஒரு அசல் படம் மாட்டற அளவுக்கு இடம், அதைப் பாக்கற அளவுக்கு ஆட்கள், அவ்வளவுதான் வேணும். கூட்டம் அதிகமா கேட்டா ரெண்டு நாள் நடத்தலாம், ஹாலைப் பெரிசாக்க வேண்டாம்.

மூணாவது சாயங்காலத்துக்கு நான் கொஞ்சம் பயந்துட்டேதான் போனேன். வியன்னா இசையமைப்பாளர் ஷோன்பெர்கோட ரெண்டாவது குவார்டெட், 1908ல முடிச்சது, அந்த வருஷம் டிசம்பர்ல வியன்னாவுல முதல் தடவை வாசிச்சப்போ ஜனங்க சிரிச்சு சீழ்க்கை அடிச்சு ரகளை பண்ணியிருக்காங்க. குவார்டெட்னு பேரு, ஆனா மூணாவது நாலாவது மூவ்மென்ட்ல ஒரு சோப்ரானோ பாடகி எழுந்து ஜெர்மன் கவிஞர் ஸ்டெஃபான் கெயோர்கெயோட கவிதைகளைப் பாடுவாங்க. இதை எழுதின காலத்துல அவரோட வீடு உடைஞ்சு போயிருந்துச்சு, அவருக்குப் படம் வரையக் கத்துக்கொடுத்த ரிச்சர்ட் கெர்ஸ்ட்ல்ங்கற இளம் ஓவியரோட ஷோன்பெர்கோட மனைவி போயிட்டாங்க, அப்புறம் திரும்பி வந்தாங்க, கெர்ஸ்ட்ல் அந்த நவம்பர்ல தற்கொலை பண்ணிக்கிட்டார். குவார்டெட்டை ஷோன்பெர்க் தன் மனைவிக்கே சமர்ப்பணம் பண்ணியிருக்கார். இதெல்லாம் தெரிஞ்சு கேக்கும்போது நெஞ்சு கனக்கும், தெரியாம கேட்டாலும் கனக்கும்.

ரெண்டு வருஷம் கழிச்சு 1911 ஜனவரி 2ம் தேதி ம்யூனிக்ல இதே குவார்டெட்டை வாசிச்சாங்க, கேக்க வந்தவங்கள்ல ஓவியர் காண்டின்ஸ்கி ஒருத்தர். வீட்டுக்குப் போனவர் உடனே ஸ்கெட்ச் போட்டு ஒரு படம் வரைஞ்சார், 'இம்ப்ரெஷன் 3, கச்சேரி', இப்போ ம்யூனிக் லென்பாக்ஹவுஸ் மியூசியத்துல இருக்கு. கறுப்பா ஒரு பெரிய பொட்டு, அது பியானோ (அன்னிக்குப் பியானோ இசையும் இருந்துச்சு), அதைச் சுத்தி வெள்ளம் மாதிரி மஞ்சள், கீழ ஓரத்துல குனிஞ்ச தலைகள். அந்த மாசமே ஷோன்பெர்குக்கு லெட்டர் போட்டார், முன்னபின்ன தெரியாத ஆளுக்கு, அப்படி ஆரம்பிச்ச நட்புதான், அந்த வருஷக் கடைசில காண்டின்ஸ்கியும் கூட்டாளிகளும் நடத்தின புளூ ரைடர் கண்காட்சியில ஷோன்பெர்க் வரைஞ்ச படங்களையும் மாட்டினாங்க. இசையில இருந்து படம் பிறந்த கதைகள்லயே இவ்வளவு தெளிவா தேதியோட இருக்கறது எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். எல்லாரும் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியைச் சொல்லுவாங்க, நண்பர் ஹார்ட்மன் செத்ததுக்கு அப்புறம் அவர் படங்களை வச்சு 1874ல எழுதினதை, அது படத்துல இருந்து இசை, இது தலைகீழ்.

நம்ம மியூசியத்துல அந்தப் படம் கிடையாது. மேடம் காண்டின்ஸ்கி படத்தோட போஸ்ட்கார்டு அளவு பிரிண்ட் ஒண்ணைக் கையில கொடுத்து சுத்துல விட்டாங்க, ஸ்கிரீன் இல்ல, அவ்வளவுதான். அவங்க தேர்ந்தெடுத்தது அதே பத்து வருஷத்துல வேற ஒருத்தர் வரைஞ்ச ஒரு ஆப்ஸ்ட்ராக்ட், அதாவது எந்தப் பொருளையும் காட்டாத படம். அதோட அன்னிக்கு வரிசையை மாத்தினாங்க. முதல்ல படம் கிடையாது, பக்கத்து ரூம்ல வெள்ளைச் சுவர் மட்டும், அங்கதான் உக்கார வச்சாங்க. இதை யார் யோசிச்சாங்களோ தெரியல, அவங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். நாலாவது மூவ்மென்ட் ஆரம்பிக்கும்போது செல்லோல இருந்து சத்தமே இல்லாம சின்னச் சின்ன ஸ்வரங்கள் ஒவ்வொருத்தரா தொட்டு மேல ஏறி காத்துல கரைஞ்சு போகுது, எந்த சுருதியில நிக்கறோம்னு பிடிபடல, காலுக்குக் கீழ தரை இல்லாத மாதிரி இருக்கு, அப்போதான் பாடகி, அவங்க கதவு பக்கத்துல நமக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தாங்க, வேற கிரகத்தோட காத்தை உணர்றேன்னு அந்த வரியைப் பாட ஆரம்பிச்சாங்க. என் முதுகுக்குப் பின்னாடி இருந்து அந்தக் குரல் வந்துச்சு. வெள்ளைச் சுவரைப் பாத்துட்டே கேட்டேன், பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாததுனால காதுதான் எல்லாத்தையும் பாத்துச்சு.

கடைசில அவ்வளவு அலைஞ்சதுக்கு அப்புறம் ஒரு மேஜர் கார்டுல, நிம்மதியா நிக்கற ஒரு ஸ்வரக் கூட்டுல வந்து இறங்குது. கை தட்ட வேண்டாம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. கதவைத் திறந்தாங்க, அப்படியே நடந்து போயி அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னோம். சாதாரணமா ஆப்ஸ்ட்ராக்ட் படத்துக்கு முன்னாடி நின்னா இது என்ன இது என்னன்னு மனசு ஒரு பொருளைத் தேடும், இது மலையா இது குதிரையான்னு. அன்னிக்கு அந்தத் தேடல் எனக்கு வரவே இல்ல. அரை மணி நேரமா ஊன்றிக்க ஒரு இடம் இல்லாத இசையைக் கேட்ட காதுக்கு, பேர் வைக்க முடியாத வடிவங்கள் எல்லாம் பழகின மாதிரி இருந்துச்சு, ஒரு சிவப்பு மேல ஒரு நீலம் வந்து உரசற இடத்துல நான் பத்து நிமிஷம் நின்னேன், அது போதுமானதா இருந்துச்சு. எனக்குப் பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர், முப்பது வருஷமா இந்தப் படத்தைத் தாண்டிப் போயிருக்கேன் தம்பி, இன்னிக்குத்தான் உள்ள விட்டுச்சுன்னு சொன்னார். எனக்கு பதில் சொல்லத் தெரியல, தலையை மட்டும் ஆட்டினேன்.

குறை இல்லாம இல்ல. அந்த வெள்ளை ரூம்ல கல் தரை, உசரமான கண்ணாடிக் கூரை, எதிரொலி ரொம்ப அதிகம். சேம்பர் மியூசிக்குக் கட்டின ஹால்ல ஒரு ஒலி அடங்க ஒன்றரை செகண்ட் வாக்குல எடுத்துக்கும், கல்லும் கண்ணாடியுமா இருக்கற கேலரியில அது மூணு செகண்டையும் தாண்டிடும். நாலாவது மூவ்மென்ட்டுக்கு அது அழகா உதவுச்சு, ஆனா வேகமான ரெண்டாவது மூவ்மென்ட் முழுக்க குழம்பிடுச்சு, அதுக்குள்ள 'ஆ, டு லீபர் அகஸ்டின்'ங்கற தெருப்பாட்டு மெட்டு திடீர்னு தலைகாட்டி, எல்லாம் போச்சு எல்லாம் போச்சுன்னு புலம்புமே, அந்த இடம் சேறுல விழுந்த மாதிரி காணாம போயிடுச்சு. தெரியாம கேக்கறவங்களுக்கு அங்க ஒரு மெட்டு இருந்ததே தெரிஞ்சிருக்காது. தரையில ஒரு தடிச்ச கம்பளம் விரிச்சு, பின் சுவர்ல ரெண்டு திரை தொங்கவிட்டிருந்தா பாதி சரியாயிருக்கும். ஏர் கண்டிஷனர் இரைச்சலைப் பத்தியும் கேட்டேன், ஈரப்பதம் ஐம்பது சதவீத அளவுலேயே நிக்கணும், அறுபது பேர் மூச்சு விடற ரூம்ல அதை நிறுத்தவே முடியாதுன்னாங்க. நியாயம்தான். மர வாத்தியத்துக்கும் அதே ஈரப்பதம்தான் நல்லது.

நாலாவது சாயங்காலம் பால் க்ளேயோட வாட்டர்கலர், கையகலப் பேப்பர்ல சின்னச் சின்ன சதுரங்களா நிறம் மாறி மாறிப் போற படம். இசை, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதின 'ஃபியூக் கலை'ல இருந்து நாலு பகுதி, ஃபியூக்னா ஒரே மெட்டை ஒவ்வொரு குரலா பின்னாடியே எடுத்துட்டு வர்ற வடிவம். க்ளே ஓவியத்துக்கு வராம இருந்திருந்தா வயலின்காரராத்தான் ஆகியிருப்பார், அப்பா இசை ஆசிரியர், மனைவி பியானோ கலைஞர், சின்ன வயசுலேயே பெர்ன்ல ஆர்கெஸ்ட்ராவோட வாசிச்சவர், பெரியவர் ஆனதுக்கு அப்புறமும் நண்பர்களோட குவார்டெட் வாசிக்கறதை விடல. ஜெர்மனியில பௌஹவுஸ் கலைப் பள்ளியில பாடம் எடுக்கும்போது பாக் இசையில சில பார்களை எடுத்து ஒவ்வொரு குரலையும் ஒரு கோடா போர்டுல வரைஞ்சு காட்டினவர், கோடு தடிச்சா சத்தம் கூடுதுன்னு அர்த்தம். 1921ல 'சிவப்புல ஒரு ஃபியூக்'னே ஒரு படம் வரைஞ்சிருக்கார், ஒரே வடிவம் இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு ஒண்ணு மேல ஒண்ணா நகர்ந்து வரும். இந்த ஜோடியில யாரும் மனநிலை, காலம்னு எதையும் ஒட்ட வைக்கல. ஒரு சின்ன விஷயத்தை எடுத்து அதைத் திருப்பி, தலைகீழாக்கி, இழுத்து, சுருக்கி ஒரு உலகத்தையே கட்டறது, ரெண்டு பேரோட தொழிலும் அதுதான்.

இங்க வெளிச்சம் பெரிய சவால். ஆயில் பெயிண்டிங்னா இருநூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) வரைக்கும் வெளிச்சம் போடுவாங்க, பேப்பர் மேல வரைஞ்ச வாட்டர்கலருக்கு ஐம்பதுக்கு மேல போனா சாயம் வெளிறும், ஐம்பது லக்ஸ்ல வாசிக்கறவங்களுக்கு நோட்டு சரியா தெரியாது. அதனால ஸ்டாண்ட் மேல குட்டி குட்டி விளக்கு, வெளிச்சம் பேப்பர் பக்கம் சிந்தாம கறுப்பு மூடி போட்டு, செல்லோவோட ஊசி தரையைக் கீறாம கீழ ஒரு பலகை. அவ்வளவு கவனம். முதல்ல ரூமே இருட்டாத் தெரிஞ்சுது, அஞ்சு நிமிஷத்துல கண்ணு பழகினதும் அந்தச் சின்னப் பேப்பர் தானா ஒளிர்ற மாதிரி ஆயிடுச்சு. இந்தத் தடவை நாற்காலியும் ரெண்டு பக்கமா பிரிச்சுப் போட்டிருந்தாங்க, முன்னாடி நாள் நிறைய பேர் சொல்லியிருக்கணும்.

கடைசியா வாசிச்சது முடியாம போன ஃபியூக். மூணு மெட்டை ஒண்ணு ஒண்ணா கொண்டு வந்து, மூணாவதா தன் பேரையே ஸ்வரமாக்கி, ஜெர்மன் ஸ்வரப் பேர்ல பி, ஏ, சி, எச்னு நாலு எழுத்து, அதைப் போட்டு மூணையும் பின்ன ஆரம்பிக்கற இடத்துல கையெழுத்துப் பிரதி நின்னு போகுது. யாராவது எழுதி முடிச்ச வடிவத்தை வாசிக்காம, பாக் விட்ட இடத்துலயே விட்டாங்க. மத்தவங்க நிறுத்திட்டாங்க, வியோலா மட்டும் ரெண்டு மூணு ஸ்வரம் தனியா போயி, அப்புறம் அதுவும் இல்ல. வில்லை யாரும் இறக்கல. அந்த மௌனத்துல நான் படத்தைப் பாத்துட்டிருந்தேன், சதுரங்களுக்கு நடுவுல பென்சில் கோடு இருக்கறது அப்போதான் கண்ணுல பட்டுச்சு, ரொம்ப மெல்லிசா, சில இடத்துல நிறம் கோட்டைத் தாண்டி வெளிய வழிஞ்சிருக்கு, சில இடத்துல கோட்டுக்குள்ளயே நின்னு ஒரு முடி அளவு வெள்ளைப் பேப்பர் தெரியுது. அரை மணி நேரம் முன்னாடி இதே படத்தை மூக்கு கிட்ட வச்சுப் பாத்தப்போ தெரியாதது, நாலு மீட்டர் தள்ளி உக்காந்திருக்கும்போது தெரிஞ்சுது.

அடுத்த சீசனுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. முழு சீசன் முடியாதுன்னா பேப்பர் படம் இருக்கற நாளையும் சின்ன ரூம்ல நடக்கற நாளையும் பாத்து எடுங்க, பெரிய ஹால்னு போட்டிருந்தா போகாதீங்க. புரோகிராம் நோட்டை முன்னாடியே படிக்காதீங்க, முடிஞ்சதும் படிங்க, இவங்க நல்லாத்தான் எழுதறாங்க, ஆனா முதல்ல படிச்சா அவங்க சொன்னதைத் தேடிட்டே உக்காந்திருப்போம். அரை மணி முன்னாடி போறதை மட்டும் தவற விடாதீங்க, படத்தை இசைக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கலைன்னா பின்னாடி எது மாறுச்சுன்னே தெரியாது. ஃபீட்பேக் தாள்ல ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கேன், அதுல பாதி டெபுஸி பத்தித்தான், திரும்பவும் அந்தக் குவார்டெட்டை வைங்க, ஒரே இடத்தை ரெண்டு வெளிச்சத்துல வரைஞ்ச ரெண்டு படத்தைப் பக்கம் பக்கமா மாட்டி, ஸ்கிரீன் இல்லாம, சின்ன ரூம்ல. கியூரேட்டர் மேடம் வாங்கி அங்கயே நின்னு முழுசா படிச்சாங்க. ஸ்டோர்ல அப்படி ஒரு ஜோடி இருக்கு, ரெண்டையும் ஒண்ணா மாட்டி ரொம்ப நாளாச்சுன்னு சொன்னாங்க.